அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் நடக்க வேண்டிய வைத்தியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், சில ஆண்டுகளுக்கு முன் முழங்காலில் செயற்கை மூட்டுப் பொருத்திக்கொண்டவன் என்ற முறையிலும், மூட்டுக் காயமும் அறுவை சிகிச்சையும் கண்டு வீடு திரும்பும் நம் மக்கள் உடற்பயிற்சி விஷயத்தில் நடந்துகொள்ளும் விதம் குறித்துத் தங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்களும் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை அறுத்தவர்களும் முப்பது நாற்பது ஆண்டுகள் தங்கள் முழங்காலையும் தோளையும் தேய்த்துத்தான் இந்த ஊரில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். முன்பெல்லாம் மூட்டுத் தேய்ந்தவர் கைத்தடியும் கோடாலித் தைலமுமாகக் காலத்தை ஓட்டினார். இன்று அவரே அரசாங்க மருத்துவமனையில் பதிந்து வைத்து, முறை வந்ததும் மூட்டு மாற்றிக்கொண்டு திரும்புகிறார். செயற்கை முழங்கால்களில் ஐந்தில் நான்கு, 25 ஆண்டுகள் கழித்தும் மாற்றத் தேவையின்றி உழைக்கின்றன என்று அனைத்துலக ஆய்வுகள் சொல்லும் இக்காலத்தில் அது நல்ல முடிவுதான். ஆனால் மருத்துவர் செய்து தருவது பாதி வைத்தியம். மீதிப் பாதி வீட்டில், கட்டிலிலும் நாற்காலியிலும் முன்வாசலிலும் நடக்க வேண்டியது. அந்தப் பாதி நம் ஊரில் பல வீடுகளில் நடப்பதே இல்லை. நடக்கும் வீடுகளிலும் கோணலாக நடக்கிறது.

இதற்கு முதல் காரணம் அன்பு. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, "நீங்க ஒண்ணும் செய்யாதீங்க அம்மா, படுத்திருங்க" என்று சொல்லித் தண்ணீர்க் குவளையைக்கூடக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அம்மாவும் உள்ளே வைத்த உலோகம் நகர்ந்துவிடும், தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில் அசையாமல் கிடக்கிறார். முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு முதல் மாதத்தில் தொடையின் முன்புறத் தசை தன் பலத்தில் பாதிக்குமேல் இழந்துவிடுகிறது என்பது அளந்து கண்டறியப்பட்ட உண்மை. படுத்தே இருப்பவருக்கு அந்தப் பலம் எளிதில் திரும்புவதில்லை. அதோடு, காயம் ஆறும்போது மூட்டுக்குள் உருவாகும் தழும்புத் திசு, முதல் சில வாரங்களில் காலை மடக்கி நீட்டிப் பழக்காவிட்டால் இறுகிப்போகிறது. பிறகு மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே காலை மடக்கிவிட வேண்டிய நிலை வருகிறது.

அன்பு செய்யும் இன்னொரு கெடுதல், முழங்காலுக்கு அடியில் வைக்கப்படும் தலையணை. பார்ப்பதற்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் இரவு முழுதும் சற்று மடங்கியபடியே கிடக்கும் முழங்கால் முழுமையாக நீளும் பழக்கத்தை இழந்துவிடும். நீளாத காலோடு நடப்பவர் வாழ்நாள் முழுதும் தாங்கித் தாங்கி நடப்பார். துண்டைச் சுருட்டி வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தன் எடையாலேயே கீழே தாழும்படி விட வேண்டும். மடக்குவதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நீட்டுவதைப் பற்றிக் கவலைப்படுபவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

மருத்துவமனையில் இருக்கும் சில நாட்களில் பிசியோதெரபி அதிகாரி வந்து, நோயாளியை வாக்கர் பிடித்து எழுந்து நிற்க வைத்து, நான்கைந்து பயிற்சிகளைக் காட்டிக் கொடுக்கிறார். அவை எளிமையானவை. பாதத்தை மேலும் கீழுமாக அசைப்பது, கெண்டைக்காலில் இரத்தம் தேங்கி உறையாமல் இருக்க உதவுகிறது. காலை நீட்டி வைத்து, முழங்காலின் பின்புறத்தால் மெத்தையை அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுவது தொடைத் தசையை எழுப்புகிறது. குதிகாலை மெத்தையில் இழுத்தபடி மெல்ல மடக்குவதும், நாற்காலியில் உட்கார்ந்து காலை உயர்த்தி நீட்டுவதும் அதைத் தொடர்பவை. ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறையாக, ஒரே மூச்சில் முடித்துவிடாமல் நாள் முழுதும் பிரித்துச் செய்ய வேண்டும். பிரச்சினை என்னவென்றால், வலியும் மயக்கமும் கலந்த அந்தச் சில நாட்களில் காட்டியது வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடுகிறது. கையில் கொடுக்கும் தாள் மலாய் மொழியில் இருக்கிறது. அடுத்த சந்திப்பு சில வாரங்கள் தள்ளி இருக்கிறது. மூத்த தலைமுறையில் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டார் சொல்வதுதான் வைத்தியமாகிறது. மருத்துவமனை ஊழியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் கையிலிருக்கும் கூட்டத்துக்கு அவர்கள் செய்வதே அதிகம்.

பக்கத்து வீட்டார் சொல்வதில் முதலிடம் உருவிவிடுவதற்கு. எண்ணெய் காய்ச்சிக் காலை உருவும் கைகளை நான் மதிக்கிறேன். சாதாரணத் தசைப்பிடிப்புக்கு அது சுகம் தரும். ஆனால் இடுப்பிலோ முழங்காலிலோ அறுவை நடந்து சில வாரங்களே ஆன காலை, அதிலும் கெண்டைக்கால் வீங்கி வலிக்கும் காலை, எக்காரணம் கொண்டும் உருவக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருந்தால், உருவும்போது அந்த உறைகட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலிப்பது, திடீரென மூச்சு வாங்குவது, நெஞ்சு வலிப்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மறுநாள் கிளினிக் என்று ஒத்திப்போடாமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும். காயத்தில் சிவப்பும் சீழும் காய்ச்சலும் கண்டால் அதே நாளில் மருத்துவரிடம் போக வேண்டும்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது நம்மவர்கள் பெரும்பாலும் நோகும் கால் பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடிக்கிறார்கள். தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். நோகும் காலும் தடியும் சேர்ந்து முன்னே போனால்தான் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். இந்த ஒரு வரியை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டினால்கூடத் தவறில்லை.

இனி, எவ்வளவு செய்வது என்ற கேள்வி. சோம்பலால் கெட்டவர்களைப் போலவே வீராப்பால் கெட்டவர்களும் இங்கே உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய் வேலைக்காட்டில் வெயிலேறும் முன்பே பாதி வேலையை முடித்துவிட்ட உடம்பு இது, வலிக்காமல் வேலை ஏது என்ற எண்ணத்தில், ஒரே நாளில் பட்டணத்துக்கு நடந்துபோய்த் திரும்பி, மறுநாள் பலாப்பழம்போல் வீங்கிய முழங்காலோடு படுத்துவிடுகிறார்கள். பிசியோதெரபியில் பின்பற்றப்படும் ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. வலியைப் பூஜ்யம் முதல் பத்துவரை எண்ணிப் பாருங்கள். பயிற்சியின்போது ஐந்தைத் தாண்டாத வலி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு அடங்கிவிட்டால், செய்த அளவு சரியானது. மறுநாளும் வலி கூடுதலாக நின்றாலோ வீக்கம் ஏறியிருந்தாலோ, அளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு தொடர வேண்டும், நிறுத்தத் தேவையில்லை. திடீரென ஊசி குத்தினாற்போன்ற வலி, மூட்டு பூட்டிக்கொள்வது, கால் நிலைகொள்ளாமல் வழுக்கிவிடுவது ஆகியவை வேறு வகை. அவை வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிடம் வைப்பது நல்லது. நேரடியாகத் தோலில் வைத்தால் புண்ணாகும். வீக்கம் மூன்று முதல் ஆறு மாதம்வரை வந்து வந்து போகும் என்பதை முன்பே தெரிந்துவைத்திருந்தால், "ஆப்பரேஷன் தோத்துப்போச்சு" என்று பலர் மனமுடைவதைத் தவிர்க்கலாம்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நகரத்து மருத்துவர் மனத்தில் இருக்கும் வீடும் நம் வீடும் ஒன்றல்ல. நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறவும் முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்கினால் போதும். குந்தி உட்கார அது 120 பாகைக்கு மேல் மடங்க வேண்டும்; செயற்கை மூட்டுப் பொருத்திய பலருக்கு அது எட்டாது. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய பழைய லயன் வீடுகளிலும் பல தாமான் வீடுகளிலும் குந்தும் கழிவறைதான் இருக்கிறது. அறுவைக்கு நாள் குறித்த உடனேயே, மாவு மில்லுக்கும் மளிகைக்கும் போவதற்கு முன்பு, கழிவறையில் உட்காரும் இருக்கை பொருத்த வேண்டும். அது இயலாவிட்டால் நடுவில் துளையுள்ள கழிவறை நாற்காலியாவது வாங்கி வைக்க வேண்டும். குளியலறையில் ஒரு கைப்பிடி, வாசலில் மடங்கிக் கிடக்கும் கால்மிதியை எடுத்துவிடுதல், தேய்ந்த சிலிப்பருக்குப் பதில் பின்புறம் பட்டியுள்ள செருப்பு, இவ்வளவும் சேர்ந்தால்தான் பயிற்சி பாதுகாப்பானதாகும். விழுந்து தொடையெலும்பு முறிந்தால் அதுவரை செய்த பயிற்சி எதுவும் மிஞ்சாது.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு எச்சரிக்கை வேறு. அறுவை செய்த முறையைப் பொறுத்து, முதல் சில வாரங்கள் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலின்மேல் கால் போடக் கூடாது, காலை உட்புறமாகத் திருப்பக் கூடாது என்று மருத்துவர் விதிப்பது உண்டு. மீறினால் இடுப்பு மூட்டின் பந்து அதன் கிண்ணத்திலிருந்து நழுவிவிடலாம். மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவதும், கோயில் தரையில் அமர்வதும், யோகா வகுப்பில் பத்மாசனம் போட முயல்வதும் அந்தக் காலத்துக்கு உரியவை அல்ல. அறுவை நடந்தது என்று யோகா ஆசிரியரிடம் சொல்லக் கூச்சப்படுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூச்சம் எனக்கு விளங்கவே இல்லை. பத்துமலையின் 272 படிகளையும் காவடியோடு ஏறுவதாக நேர்ந்துகொண்டவர்கள், முருகனிடம் தவணை கேட்டுக்கொள்ளலாம்; அவன் கடன்காரன் அல்லன்.

தோள் விஷயத்தில் செம்பனைத் தோட்டத்துக்காரர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். உயர்ந்த மரத்தில் நீண்ட கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, தலைக்குமேல் கை தூக்கியே ஆண்டுக்கணக்கில் குலை அறுத்தவர்களுக்குத் தோளின் தசைநாண் கிழிவது வியப்பல்ல. அதைத் தைத்து அறுவை செய்தால் கை நான்கு முதல் ஆறு வாரம்வரை கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பிசியோதெரபி அதிகாரி அனுமதித்த அசைவுகளைத் தவிர, அந்தக் கையால் வாளியைத் தூக்குவதும் பேரனைத் தூக்குவதும் தையலைக் கிழிக்கும் செயல்கள். அறுவை ஏதும் நடக்காமலே தோள் இறுகிப்போவதும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வருகிறது. அத்தகையோர் கையை அசைக்காமல் வைத்திருந்தால் இறுக்கம் இன்னும் கூடும். சுவரில் விரல்களால் மெல்ல மேலேறுவது போன்ற பயிற்சிகளை வலியின் எல்லைக்குள் நாள்தோறும் செய்ய வேண்டும்.

நீரிழிவைப் பற்றிப் பேசாமல் மலேசியத் தமிழரின் மூட்டைப் பற்றிப் பேச முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குக் காயம் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றும் எளிதில் ஏற்படும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழலாம். சட்டைப் பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். வலிக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள், அவற்றுள் சில சிறுநீரகத்தைக் கெடுப்பவை என்பதை மறக்கக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொண்டால் போதுமானது.

அறுவைக்காகக் காத்திருப்பவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. காத்திருக்கும் மாதங்களில் தொடைத் தசையைப் பலப்படுத்திக்கொண்டவர் அறுவைக்குப் பின் சீக்கிரம் எழுகிறார். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், தேய்ந்த முழங்காலின் மேல் ஒவ்வோர் அடிக்கும் ஏறும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று கண்டறிந்திருக்கிறார்கள். ஒட்டுக்கடையில் காலையில் தே தாரிக் எனும் இனிப்புப் பால் தேநீரில் ஒன்றைக் குறைத்தாலே தொடக்கம் ஆகிவிடும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். மாலையில் திடலில் பந்து விளையாடும்போது முழங்கால் திருகி, ஏ.சி.எல். எனப்படும் தசைநார் அறுந்து, அதை மாற்றிக் கட்டிக்கொண்ட பையன்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வலி நின்று ஓட முடிகிறது என்பதற்காக நான்கைந்து மாதத்தில் மறுபடியும் பூட்ஸ் மாட்டுகிறார்கள். புதிதாகப் பொருத்திய தசைநார் உடம்போடு சேர்ந்து உரம் பெற மாதக்கணக்கில் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன் விளையாட்டுக்குத் திரும்பியவர்களுக்கு மறுகாயம் ஏற்படுவது மிக அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாள்கணக்கு மட்டும் போதாது. அறுவை நடந்த காலின் பலம் மற்றக் காலின் பலத்தில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்கிறதா என்று சோதித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். கப்சாய் மோட்டாரைக் காலால் உதைத்துக் கிளப்புவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

வேலையிடத்தில் காயம்பட்டவர்கள் சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை மறந்துவிடுகிறார்கள். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தகுதியுள்ள மருத்துவ விடுப்புக் காலத்துக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு இழப்பீடாகக் கிடைக்கும். அதைவிட முக்கியமானது மறுவாழ்வுச் சேவை. மலாக்காவில் இயங்கிவரும் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம், காயம்பட்ட தொழிலாளர் மீண்டும் வேலைக்குத் திரும்புவதற்கென்றே அமைக்கப்பட்டது. அங்கே போகலாம் என்று நம் தோட்டத் தொழிலாளரில் எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சம்பளம் போகிறதே என்ற பயத்தில் பாதி ஆறிய தோளோடு மறுபடியும் அரிவாளைத் தூக்குபவரிடம் பயிற்சியைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

தனியார் சிகிச்சையை நாடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிசியோதெரபி செய்பவர்களை 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டத்தின்கீழ் முறைப்படுத்தியிருக்கிறார்கள். அதன்படி பதிவு பெற்றவரா என்று கேட்பது அவமரியாதை அல்ல. வாடகைக் கடையில் மின்சாரக் கருவியும் வெள்ளை அங்கியுமாக உட்கார்ந்திருப்பவரெல்லாம் பிசியோதெரபி அதிகாரி ஆகிவிட மாட்டார். அரசாங்க மருத்துவமனை நிபுணர் கிளினிக்கின் 5 ரிங்கிட் கட்டணத்துக்குப் பெறக்கூடிய வழிகாட்டலைக் கைவிட்டு, இவர்களிடம் நூற்றுக்கணக்கில் கொடுப்பது எனக்கு வேதனையளிக்கிறது.

தங்களிடமும் வாசகர்களிடமும் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. பதிவு பெற்ற பிசியோதெரபி அதிகாரி ஒருவரைக் கொண்டு, முழங்கால், இடுப்பு, தோள் ஒவ்வொன்றுக்கும் அறுவைக்குப் பிந்தைய அடிப்படைப் பயிற்சிகளைப் படங்களுடன், வயதானவர்கள் கண்ணாடி போட்டுப் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில், கத்தரித்து எடுத்துச் சுவரில் ஒட்டும்படியாகத் தாங்கள் ஒரு பக்கம் வெளியிட வேண்டும். எங்கள் ஊரைப் போன்ற தோட்டப் பட்டணங்களில் கோயில் நிர்வாகங்கள், பெரும்பாலான நாட்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை வாரத்தில் இரண்டு காலைகள் அறுவைக்குப் பின் பயிற்சி செய்வோருக்குத் திறந்துவிட வேண்டும். சமதரையும், சுவரோரம் நகராத நாற்காலிகளும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், கழிவறையும் இருந்தால் போதும். கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வருபவர்கள் அனைவரும் தங்கள் மருத்துவர் சொன்ன கட்டுப்பாடுகளை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்ற விதி மட்டும் இருக்கட்டும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் குறித்து வைக்க, என்னைப் போல் ஓய்வு பெற்ற டிரெசர்களும் தாதியர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.